தாய்வழி வரும் தீங்கு

கோலாலம்பூரிலிருந்து தெற்கே சிரம்பானை நோக்கிச் செல்லும் இரயில் பாதையில், சிலாங்கூர் மாநிலத்தின் எல்லையைக் கடந்து நெகிரி செம்பிலானுக்குள் புகுந்ததும் எதிர்ப்படும் ஊர்களுள் நீலாய் ஒன்று. இன்று அங்கே இறங்குகிறவர் காண்பவை பல்கலைக்கழகங்களும் மாணவர் விடுதிகளும் கடைத்தெருக்களுமே. ஆனால் 1990களில் பண்டார் பாரு நீலாய் என்னும் புதுநகர் எழும்புமுன், 1998இல் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டுச் சுற்றுப்புறமெல்லாம் உருமாறுமுன், நீலாய், பத்தாங் பெனார், லாபு, மந்தின் ஆகிய சிற்றூர்களைச் சூழ்ந்திருந்தவை பால்மர (ரப்பர்) தோட்டங்களும், பின்னர் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்ட செம்பனைத் தோட்டங்களுந்தாம். தோட்ட வாழ்க்கையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பால்மரத்தின் பாலையே எழுதினார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பின்புறத்துக் கொட்டகையில், விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில் கறக்கப்பட்ட பாலைப் பற்றி எழுதியவர் சிலரே.

பால்மரம் வெட்டும் வேலை விடியற்காலையில் தொடங்கிப் பிற்பகலுக்குள் முடிந்துவிடும். மிஞ்சிய பொழுதில் புல்லறுத்து வந்து இரண்டொரு மாடுகளைப் பேணுவதும், கிராணி என்னும் தோட்ட எழுத்தர் வீட்டுக்கும் பக்கத்துச் சிற்றூர்க் கடைகளுக்கும் பால் ஊற்றுவதும், தோட்டக் கூலி போதாத குடும்பத்துக்குப் பெருந்துணையாய் இருந்தன. பிள்ளையின் பள்ளிச் செலவும், பெண்ணின் திருமணச் செலவும், திடீரென்று வந்துவிடும் வைத்தியச் செலவும் மாட்டை நம்பியே நடந்தேறின. இம்மாடுகளுட் பல, முன்னாளில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த பற்பல இனங்களின் கலப்பில் தோன்றியவை. கால்நடைத் துறையார் அவற்றை உள்நாட்டு இந்தியக் கறவையினம் என்று குறிப்பர். அளவோடு கறக்கும், வெப்பத்தைத் தாங்கும், கிடைத்த புல்லைத் தின்னும் என்பதே அவற்றின் பெருமை.

அத்தகைய பட்டி பெருகும் விதத்தைச் சற்றே கவனிக்க வேண்டும். ஒரு பசுவை வாங்கினால் அதன் கிடாரி, அக்கிடாரியின் கிடாரி என்று தாய்வழியிலேயே செல்வம் பெருகும். காளைக்கன்று விற்பனைக்குப் போகும். பொலிகாளையோ எவருடையதாகவும் இருக்கலாம். நெகிரி செம்பிலானின் மலாய் மக்கள், அடாட் பெர்பாத்தே என்னும் தங்கள் வழமைப்படி, குடும்ப நிலத்தைத் தாயிடமிருந்து மகளுக்கு உரிமையாக்கி வருவது பலரும் அறிந்த விஷயம். அதே மாநிலத்தின் தோட்ட லயங்களில், எந்த வழமையும் வகுத்துத் தராமலே, மாட்டுச் செல்வமும் தாயிடமிருந்து மகளுக்கே இறங்கி வந்தது. இவ்வத்தியாயத்தில் நாம் ஆராயப்போகும் ஒட்டுண்ணியும் அதே பாதையிலேயே, தாய்ப்பசுவிடமிருந்து கிடாரிக்கும் கிடாரியிடமிருந்து அதன் கன்றுக்கும் இறங்கி வருகிறது என்பதுதான் அதன் கொடுமைகளுள் முதன்மையானது என்று நான் கருதுகிறேன்.

மாடு வளர்த்தவர் எவரும் அறிந்த துயரம் ஒன்று உண்டு. சினையென்று உறுதியான பசு, தீனியில் குறைவில்லாமல், காய்ச்சலோ கழிச்சலோ இல்லாமல், ஐந்தாம் மாதத்திலோ ஆறாம் மாதத்திலோ ஒரு நாள் காலையில் கன்று வீசிக் கிடக்கும். கொட்டகையின் மூலையில் உயிரற்ற சிறு உடல் கிடக்க, தாயோ ஒன்றும் நேராததுபோல் அசைபோட்டு நிற்கும். கண்ணேறு பட்டுவிட்டது என்பார் ஒருவர். சரிவில் சறுக்கி விழுந்திருக்கும் என்பார் இன்னொருவர். மாடே ராசியில்லாதது, விற்றுத் தொலை என்பார் மூன்றாமவர். காரணம் தெரியாத துன்பத்துக்கு ஏதேனும் ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வது மனித சுபாவம். ஆயினும் அந்தக் கற்பனையில் மிகுந்த அநியாயத்துக்கு உள்ளாவது வாயில்லாத அந்தப் பசுவே.

கன்று ஒன்று போவதால் போவது கன்று மட்டுமன்று. கறவை என்பது ஈற்றைச் சார்ந்தது. ஏறத்தாழ 280 நாள் சினை சுமந்து ஈன்றாலன்றிப் புதுக் கறவை சுரப்பதில்லை. ஆண்டுக்கொரு கன்று, அல்லது அதற்கு ஒரு மாதம் முன்பின்னாக, என்ற கணக்கில் ஈனும் பசுவே வளர்ப்பவருக்குக் கட்டுபடியாகும். ஆறாம் மாதத்தில் சினை கலைந்தால், கழிந்த ஆறு மாதமும் வீணாகி, பசு மறுபடி பருவத்துக்கு வந்து, சினை பிடித்து, மீண்டும் ஒன்பது மாதத்துக்கு மேல் சுமந்தாக வேண்டும்; அத்தனை காலமும் தீனி மட்டும் குறையாமல் செலவாகிக்கொண்டிருக்கும். இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது ஆண்டு வருமானத்திற் பாதியை இழந்ததற்குச் சமானம்.

கன்று வீசுவதற்கும் சினை பிடிக்காமைக்கும் காரணங்கள் அநேகம். அவற்றுள் முதலில் சந்தேகிக்க வேண்டியது புரூசெல்லா என்னும் பாக்டீரியாவை. அது ஒட்டுண்ணியன்று; ஆயினும் காய்ச்சாத பாலின் மூலமும், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடுவதன் மூலமும் மனிதரையும் பற்றி, நெடுநாள் விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு வலியையும் உண்டாக்க வல்லது என்பதால், அதைச் சொல்லாமல் இவ்விஷயத்தைத் தொடங்குவது முறையாகாது. இனி ஒட்டுண்ணிகளுக்கு வருவோம்.

முந்திய அத்தியாயத்தில் உண்ணிகளைப் பற்றியும் அவை ஊட்டும் பபீசியா முதலிய இரத்த நோய்களைப் பற்றியும் பார்த்தோம். அவையும், வயிற்றுப் புழுக்களும், ஈரல் தட்டைப் புழுவும் பசுவின் இனப்பெருக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மறைமுகமாகத்தான். தேகத்துக்குக் கிடைக்கும் சத்தில் ஒரு பங்கை ஒட்டுண்ணி எடுத்துக்கொள்ளும்போது, எஞ்சிய சத்தைத் தேகம் முதலில் உயிரைக் காக்கவும், பிறகு பால் சுரக்கவும் செலவிட்டு, கருத்தரிப்பதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைமுட்டையை வெளிப்படுத்தும் ஹார்மோனை உரிய அளவில் விடுவதில்லை. பசு பருவத்துக்கு வருவதே தள்ளிப்போகும். அல்லது வந்தது தெரியாமல் இரவோடு இரவாக வந்து போகும். இளங்கிடாரி முதற்பருவம் அடைவதும் தாமதமாகும். ஆனால் இவற்றையெல்லாம் மருந்தாலும் தீனியாலும் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்; புழு நீங்கினால் பசு தேறும். ஆகையால் இங்கே நெடிது நிற்க வேண்டியதில்லை.

இரத்தத்தில் நீந்தும் ஒட்டுண்ணிகளால் வரும் நோய்களுள் சர்ரா என்பதற்குத் தனி வரலாறு உண்டு. 1880இல், அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாபைச் சேர்ந்திருந்த தேரா இஸ்மாயில் கானில், குதிரைகளும் ஒட்டகங்களும் மெலிந்து மடிந்த காரணத்தை ஆராய்ந்த கிரிஃபித் எவன்ஸ் என்னும் இராணுவக் கால்நடை மருத்துவர், அவற்றின் இரத்தத்தில் சவுக்குப்போல் வாலசைத்து நீந்தும் நுண்ணுயிரைக் கண்டார். டிரிப்பனோசோமா வகையுள் நோய் விளைப்பதென்று முதலில் கண்டறியப்பட்டது அதுவே. அவர் பெயரால் டிரிப்பனோசோமா எவன்சி என்று வழங்குகிறது. மலாயாவிலும் அந்நோய் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காணப்பட்டது. 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் 1908இல் அதைப் பற்றி ஆய்வு நூல் வெளியிட்டனர். வண்டி மாடுகளாலும் குதிரைகளாலும் போக்குவரத்து நடந்த காலமாதலின் அரசாங்கத்துக்கு அதில் அக்கறை இருந்ததில் வியப்பில்லை. கடிக்கும் பெரிய ஈக்கள் ஒரு மாட்டின் இரத்தம் நனைந்த வாயோடு மறு மாட்டைக் கடிப்பதால் அது பரவுகிறது. குதிரையைப்போல் மாடு எளிதில் சாவதில்லை. பல வேளைகளில் வெளிக்குறி எதுவும் காட்டாமலே நோயைச் சுமந்து திரியும். ஆனால் சினைப்பசுவில் நோய் மூண்டெழுந்தால் காய்ச்சலும், பால் குறைவும், கருச்சிதைவும் உண்டாகும்.

வேறொரு ஒட்டுண்ணி பொலிகாளையின் மூலம் வருவது. டிரைடிரைக்கோமோனாஸ் ஃபீட்டஸ் என்று பெயர் பெற்ற அது, காளையின் குறியைப் போர்த்திய தோலின் நுண்ணிய மடிப்புகளில் காளைக்கு ஒரு துன்பமும் செய்யாமல் தங்கியிருந்து, சேர்க்கையின்போது பசுவின் கருப்பையை அடைகிறது. வயதான காளையில் அம்மடிப்புகள் ஆழமாக இருப்பதால், அது ஆயுள் முழுவதும் நோயைச் சுமக்கக்கூடும். பசு கருத்தரிக்கும், ஆனால் சில வாரங்களிலேயே கரு அழிந்து கரைந்துவிடும், கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பசு ஒழுங்கற்ற இடைவெளியில் மறுபடி மறுபடி பருவத்துக்கு வருவது ஒன்றே. சில பசுக்களுக்குக் கருப்பையில் சீழ் கட்டும். நல்லவேளையாக, பெரும்பாலான பசுக்கள் சில மாதம் சேர்க்கையின்றி ஓய்ந்திருந்தால் தாமே அதிலிருந்து விடுபடுகின்றன. தோட்டத்துக்கு ஒரு காளை, சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் அதுவே என்றிருந்த பழைய ஏற்பாடு இவ்வகை நோய்க்கு மிகவும் இசைவானது. சோதிக்கப்பட்ட காளையின் விந்தைக்கொண்டு சினை ஊசி போடும் முறை பரவிய இடங்களில் இந்நோய் பெரும்பாலும் தேய்ந்து மறைந்தது. சினை ஊசியால் நல்ல இனம் கிடைக்கிறது என்று பேசுவோர், அது இவ்வொட்டுண்ணியின் வழியை அடைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி இவ்வத்தியாயத்தின் பிரதான விஷயத்துக்கு வருகிறேன். 1984இல் நார்வே நாட்டில், பாக்ஸர் இனத்து நாய்க்குட்டிகள் சில பின்னங்கால் செயலிழந்து வீழ்ந்தன. அவற்றின் மூளையிலும் தசையிலும், அதுவரை அறியப்பட்டிருந்த டாக்ஸோபிளாஸ்மாவைத் தோற்றத்தில் ஒத்தும் இரத்தப் பரிசோதனையில் ஒவ்வாமலும் இருந்த ஓர் ஒட்டுண்ணியை அந்நாட்டு ஆய்வாளர் கண்டனர். 1988இல், இந்தியாவிற் பிறந்து அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த ஜே. பி. துபே என்னும் ஒட்டுண்ணியியல் அறிஞரும் அவர் கூட்டாளிகளும் அது புதியதோர் இனமென நிறுவி, நியோஸ்போரா கேனைனம் என்று பெயரிட்டனர். நாயின் நோயாக அறிமுகமான அது மாட்டின் நோயென்று தெரிய அதிக நாள் ஆகவில்லை. அடுத்த ஆண்டே, அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்துப் பால்பண்ணை ஒன்றில் அடுக்கடுக்காகக் கன்று வீசியதற்கு இதுவே காரணமென அறிவிக்கப்பட்டது. அதுகாறும் காரணம் தெரியாதவை என்று ஒதுக்கப்பட்டிருந்த கருச்சிதைவுகளை மறுபடி ஆராய்ந்தபோது, பல நாடுகளில் இவ்வொட்டுண்ணியே முன்னணியில் நின்றது. இப்போது பத்து நாடுகளின் கணக்கை மட்டும் கூட்டிப் பார்த்தாலும், இதனால் ஆண்டுதோறும் நேரும் நஷ்டம் நூறு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பால்மாடு வளர்ப்போர் தலையிலே விழுகிறது.

மாட்டுக்கு அது எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்கு விடை கிடைக்க 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு அமெரிக்காவில் மெக்காலிஸ்டர் என்பவரும் அவரைச் சார்ந்தோரும், நோயுற்ற சுண்டெலிகளின் தசையை நாய்களுக்குத் தின்னக் கொடுத்து, சில நாட்களில் அந்நாய்களின் மலத்தில் ஒட்டுண்ணியின் உறைமுட்டைகள் வெளிப்படுவதைக் கண்டனர். ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே அளவுள்ள அவ்வுறைமுட்டைகள் சில நாளில் முதிர்ந்து, புல்லிலும் தண்ணீரிலும் தீவனத்திலும் கலந்து மாட்டின் வயிற்றை அடைகின்றன. நாயின் குடலிலேதான் அவ்வுயிர் தன் இனப்பெருக்கத்தை நிறைவேற்றுகிறது. பின்னர் நரி வகையைச் சேர்ந்த கயோட், ஆஸ்திரேலியாவின் டிங்கோ, சாம்பல் ஓநாய் ஆகிய நாய்க்குலத்து விலங்குகளும் அதற்கு இடங்கொடுப்பவையென அறியப்பட்டன. மாடு அதற்கு வழியிலுள்ள சத்திரமே. ஆனால் சத்திரத்திலே செய்யும் சேதம் பெரிது.

மாட்டின் உடலுக்குள் புகுந்த ஒட்டுண்ணி முதலில் வேகமாகப் பிளந்து பெருகி உயிரணுக்களைச் சிதைக்கும். சில நாளில் மாட்டின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு அதை அடக்கும், அழிக்க மாட்டாது. மூளையிலும் தசையிலும் தடித்த சுவருள்ள நுண்பைகளைக் கட்டிக்கொண்டு அது ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். பசுவோ கொழுகொழுவென்று இருக்கும், கறக்கும், அசைபோடும். அது சினையாகும்போதுதான் ஆபத்து. தந்தையின் அம்சமும் கலந்த கருவைத் தாயின் தேகம் அந்நியமென்று தள்ளிவிடாதிருக்கும்பொருட்டு, சினைக்காலத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதி இயற்கையாகவே தணிந்து நிற்கிறது. தாய்மையின் பொருட்டு இயற்கை செய்துவைத்த அந்தச் சூட்சுமமான ஏற்பாட்டையே இவ்வொட்டுண்ணி தனக்கு வாய்ப்பாக்கிக்கொண்டு, சினையின் நடுக்காலத்தில் உறை நீங்கி எழுந்து, இரத்தத்தின் வழியே, கருப்பையின் உட்சுவரும் நஞ்சுக்கொடியும் கைகோத்து நிற்கும் முடிச்சுகளை அடைந்து, அவற்றை அழித்துக் கருவினுள்ளும் புகுகிறது.

அதன்பின் நடப்பது, அப்போது கரு எத்தனை மாதத்தது என்பதைப் பொறுத்தது. முதல் மூன்று நான்கு மாதத்துக் கருவுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தி சிறிதும் இல்லாமையால் அது மாண்டு, கருப்பையிலேயே கரைந்தோ உலர்ந்து சுருங்கியோ போகும்; மாட்டுக்காரர் இதைச் சினை பிடிக்கவில்லை என்றே கொள்வார். ஐந்து, ஆறு மாதத்துக் கரு சற்றே போராடும். அந்தப் போராட்டத்தில் தோற்றவையே நாம் கொட்டகையில் காணும் கன்றுகள். ஏழு மாதத்துக்கு மேற்பட்ட கரு பெரும்பாலும் பிழைத்துக்கொண்டு, உரிய நாளில், துள்ளிக் குதிக்கும் அழகிய கன்றாகப் பிறக்கும். சிலவே கால் மடங்கியும் நடை தடுமாறியும் பிறக்கின்றன. மற்றவையெல்லாம் பார்வைக்கு ஒரு குறையுமின்றி, மூளையிலே நீறு பூத்த நெருப்பாக அவ்வொட்டுண்ணியைச் சுமந்தபடி வளர்கின்றன.

இங்கேதான் தோட்டத்து மாட்டுக்காரர் நின்று யோசிக்க வேண்டும். நோயுள்ள பசு ஈன்ற கன்றுகளில் 95 விழுக்காடு வரைகூடப் பிறவியிலேயே நோயைச் சுமந்து வருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாயிடமிருந்து சேய்க்கு இவ்வளவு தவறாமல் இறங்கும் மாட்டு நோய்கள் மிகச் சிலவே. நோயுள்ள பசு ஒவ்வொரு சினையிலும் கன்று வீசுவதில்லை. நோயற்ற பசுவைக் காட்டிலும் வீசும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கோ அதற்கு மேலோ அதிகம், அவ்வளவுதான். எனவே ஒருமுறை வீசி, அடுத்த இருமுறை நல்ல கிடாரிகளை ஈன்று தரும் பசுவை எவரும் சந்தேகிக்க மாட்டார். அக்கிடாரிகள் வளர்ந்து, ஒன்று கன்று வீசும், ஒன்று வீசாது. ஒரு மாடு மற்றொரு மாட்டோடு நிற்பதாலோ, ஒரே தொட்டியில் நீர் குடிப்பதாலோ நேராகத் தொற்றாத இந்நோய், பட்டியில் ஒரு தாயின் வமிசத்தை மட்டும் பற்றிக்கொண்டு, வெளிப்பார்வைக்கு விதியின் விளையாட்டென்று தோன்றும்படி, பரம்பரை பரம்பரையாகத் தொடரும். முதற்பசுவின் நினைவாக அதன் வழிக் கிடாரிகளை விற்க மனமில்லாமல் வைத்துக் காத்த குடும்பம், அந்த அன்பினாலேயே நோயையும் காத்து வந்திருக்கும்.

மலேசியாவில் இது ஊகமன்று. 2004இல் மலேசிய ஆய்வாளரும் சுவீடன் நாட்டு ஆய்வாளரும் சேர்ந்து, இந்நாட்டுக் கன்று ஒன்றின் உடலிலிருந்து உயிருள்ள நியோஸ்போராவைப் பிரித்தெடுத்து வளர்த்த செய்தியை வெளியிட்டனர். தீபகற்பத்தின் பண்ணைகளில் எடுத்த மாட்டு இரத்தத்திலும் இதற்கான எதிர்ப்பொருள் காணப்பட்டிருக்கிறது. நீலாய்க்கு வடக்கே அதிக தூரமில்லாத செர்டாங்கில், 1971இல் வேளாண்மைப் பல்கலைக்கழகமாகத் தோன்றி 1997இல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிய கல்விக்கூடத்தின் கால்நடை மருத்துவப் பிரிவும், ஈப்போவிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையமும் ஒட்டுண்ணி ஆராய்ச்சியில் அனுபவம் மிக்கவை. அறிவு நம் வாசலருகே இருக்கிறது. கொட்டகைக்குள் வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

தோட்டத்தில் நாயில்லாத லயம் ஏது? இரவுக் காவலுக்கும், பன்றி விரட்டவும், பிள்ளைகளுக்குத் தோழமையாகவும் வளர்ந்த நாய்கள் ஒருபுறம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தபோது கைவிடப்பட்டு, செம்பனை வரிசைகளுக்கிடையே கூட்டமாகத் திரியும் நாய்கள் மறுபுறம். மாடுகளோ அதே செம்பனை நிழலில் மேய்கின்றன. மாடு களையைத் தின்பதால் களைக்கொல்லிச் செலவு குறைகிறதென்று தோட்ட நிர்வாகங்களுட் சில இதை ஒரு முறையாகவே ஏற்றுக்கொண்டுள்ளன. மாடு செம்பனை நிழலில் ஈனுகிறது. விழுந்த நஞ்சுக்கொடியை நாய் தின்கிறது. நாயின் மலம் மாடு மேயும் புல்லில் விழுகிறது. ஒட்டுண்ணியின் சக்கரம் முழுவதும் சுழல்வதற்கு இதைவிட வசதியான இடத்தைத் தேட வேண்டியதில்லை. நோயுள்ள பசுக்களின் நஞ்சுக்கொடியை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வாளர்கள், அதைத் தின்ற நாய்கள் உறைமுட்டையை வெளியிட்டதை 2001இல் அறிவித்தனர்.

இதைப் படிக்கும்போது தமிழகக் கிராமத்துப் பழைய சம்பிரதாயம் ஒன்று எனக்கு நினைவுக்கு வருகிறது. பசு ஈன்றதும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி, ஊர்ப்புறத்து ஆலமரக் கிளையில் தொங்கவிடுவார்கள். பாலுள்ள மரத்தில் கட்டினால் பசுவுக்குப் பால் பெருகும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாய் வாய் வைக்கக்கூடாது என்பதில் அவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். பால் பெருகும் என்பதற்குச் சாஸ்திர ஆதாரம் இல்லை. ஆனால் நஞ்சுக்கொடி நாய்க்கு எட்டாமற் போவதால் நியோஸ்போராவின் சக்கரத்தில் ஓர் ஆரம் முறிகிறது என்பதில் ஐயமில்லை. முன்னோர் இந்நோயை அறிந்து அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல நான் துணியேன், அது உண்மையாகாது. இருந்தாலும், கடல் கடந்து வந்த இடத்தில் அவ்வழக்கம் தேய்ந்துபோனதால் ஒரு நல்ல பாதுகாப்பை இழந்தோம் என்றே நினைக்கிறேன். இன்றைக்கு மரத்தில் கட்டுவதைவிட ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்து, மேலே கல் வைப்பது மேலானது.

மருந்து உண்டா என்று கேட்பார்கள். மாட்டின் மூளையிலே உறைகட்டிக் கிடக்கும் நியோஸ்போராவை ஒழிக்க, பண்ணையிலே பயன்படுத்தத்தக்க மருந்து ஏதும் இல்லை. கொன்ற கிருமியால் செய்த தடுப்பூசி ஒன்று சில நாடுகளில் விற்பனைக்கு வந்து, போதிய பயன் காணாமல் கைவிடப்பட்டது. ஆகவே செய்யக்கூடியவை எல்லாம் முன்னெச்சரிக்கையைச் சேர்ந்தவை. இரத்தப் பரிசோதனையில் நோயுள்ளதென்று தெரிந்த பசுவை உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. நன்றாகக் கறக்கும் பசுவானால் கறக்கலாம். இந்நோய் மனிதருக்கு வந்ததாகவோ பாலினால் அவர்களுக்குப் பரவியதாகவோ நிரூபணம் இல்லை. ஆனால் அதன் கிடாரியைப் பட்டிக்கென்று வளர்க்கக்கூடாது. அத்தகைய பசுக்களுக்குக் கறவையினத்து விந்துக்குப் பதிலாக இறைச்சியினத்துக் காளையின் விந்தைச் செலுத்தினால் கன்று வீசுவது குறைகிறதென்று ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. அப்படிப் பிறக்கும் கன்று இறைச்சிக்கே போவதால் நோயும் அதனோடு முடிகிறது. மிக உயர்ந்த இனத்துப் பசுவானால், அதன் கருவை எடுத்து நோயற்ற வேறொரு பசுவின் கருப்பையில் வைத்து நோயில்லாக் கன்றைப் பெறும் முறையும் உண்டு. அது பெரும் பண்ணைகளுக்கே இயலும்.

நாய்களைக் கொன்றுவிட்டால் தீர்ந்தது என்று வாதிப்பவரோடு நான் உடன்படவில்லை. கொட்டகையிலே ஏற்கெனவே நோயுள்ள தாய்வமிசம் இருக்குமானால், ஊரிலுள்ள நாய்களெல்லாம் ஒழிந்தாலும் நோய் தாயிடமிருந்து கிடாரிக்கு இறங்கிக்கொண்டேயிருக்கும். நாய்க்குச் சமைக்காத இறைச்சி கொடாமை, தீவனப் பெட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடிவைத்தல், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் புதைத்தல், வீட்டு நாய்க்குக் குட்டி போடாதபடி அறுவை செய்தல் ஆகிய இவ்வளவே போதும். இவற்றுக்கு வெள்ளிக்கணக்கில் பெருஞ்செலவும் இல்லை. இன்னொரு செயலையும் இங்கே கண்டித்தாக வேண்டும். கன்று வீசிய பசுவை, காரணம் சொல்லாமல், அடுத்த ஊர்க்காரருக்கு நல்ல விலைக்கு விற்றுவிடுவது சாதாரண வழக்கமாக இருந்து வருகிறது. விற்றவர் தம் துன்பம் நீங்கியதென்று மகிழ்கிறார். வாங்கியவரோ ஒரு வமிசத்தின் நோயையே விலைகொடுத்து ஓட்டிச் செல்கிறார். இது வியாபார சாமர்த்தியம் அன்று. அயலானுக்குச் செய்யும் தீங்கு.

நீலாயைச் சுற்றி இன்னும் மாடு வளர்ப்போர் சிலர் எஞ்சியிருக்கிறார்கள். நிலம் தங்களுடையதன்று; மேய்ச்சலுக்கு இடம் ஆண்டுக்காண்டு சுருங்குகிறது; பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அப்படியிருந்தும் விடாமல் மாட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களை, ஒரு கன்றின் இழப்புகூடத் தொழிலைவிட்டே போகச் செய்துவிடும். அவர்களுக்கும், தமிழகத்திலும் இலங்கையிலும் இதே தொழிலைச் செய்யும் வாசகர்களுக்கும் என் வேண்டுகோள் இது. பசு கன்று வீசினால், வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியின் ஒரு துண்டையும் பனிக்கட்டியில் வைத்து, அன்றைக்கே மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். தாயின் இரத்தத்தை எடுத்துப் புரூசெல்லாவுக்கும் நியோஸ்போராவுக்கும் சேர்த்தே பரிசோதிக்கும்படி கேளுங்கள். புதிதாக மாடு வாங்குமுன்னும் அதே பரிசோதனையைக் கேளுங்கள். எந்தப் பசு எந்தப் பசுவின் கிடாரி, எது எந்த மாதத்தில் வீசியது என்பதை ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைத்து, மருத்துவர் வரும்போது அதை அவர் கையில் கொடுங்கள்.